வம்புக்கு இழுத்த மதினிக்கு

அன்பும் ஆத்திரமும் சரிபாதியாக நான் கும்பிடுகிற என் மதினிக்கு,

தை பிறந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. என் வீட்டுக்காரர், உங்கள் அருமைத் தம்பி, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நினைவஞ்சலி அட்டை அடிக்கக் கொடுத்திருக்கிறார். போட்டோவுக்குக் கீழே போட ரெண்டு வரி வேண்டுமாம். "நீதான பன்னெண்டாப்பு வரைக்கும் படிச்சவ, எழுதிக் குடு" என்றார்.

அச்சகத்தில் ஏற்கெனவே மாதிரி வரிகள் வைத்திருக்கிறார்கள். அன்பின் திருவுருவே, பொறுமையின் இருப்பிடமே என்று வரிசையாக இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். பொறுமையின் இருப்பிடம்! உங்களை! நான் சிரித்த சிரிப்பில் வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழி ஓடிப்போனது. அந்த அட்டையை ஊரில் கொடுத்தால், "இது எந்தப் பேச்சியம்மா?" என்றுதான் கேட்பார்கள். போட்டோவும் வாக்காளர் அட்டைக்கு எடுத்ததுதான் கிடைத்தது. அதிலும் யாரையோ திட்டிவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரிதான் இருக்கிறீர்கள்.

ரெண்டு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். ரெண்டு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்? அதுவும் போக, ஒரு கேள்வியை உங்களிடம் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்திருக்கிறது. ஒருநாளும் நீங்கள் நேராகப் பதில் சொன்னதில்லை. இப்போது பதில் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊர்க்கதை. சாத்தூர்ப் பக்கம் நாலுவழிச் சாலைக்காக ரோட்டோரத்துப் புளியமரங்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். வேனில் போகும்போது வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி. நம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நீங்கள் படுக்கிற இடத்தில்தான் வைத்திருக்கிறோம், வேறு இடம் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் அது அங்கேதான் இருக்கும். உங்கள் தம்பி இன்னும் அதே பட்டாசுக் கம்பெனி வேனைத்தான் ஓட்டுகிறார். உங்கள் சீட்டில் ரொம்ப நாள் யாரும் உட்காரவில்லை. அப்புறம் மகேஸ்வரியை நான்தான் உட்காரச் சொன்னேன். பாக்கிங் அறையில் நமக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்க்குமே, சத்தமாகத் தும்மக்கூடப் பயப்படுகிற பிள்ளை, அவள்தான். அவளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, பொறுங்கள்.

என் சுகர் எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? அது என்றைக்கு நான் சொன்னபடி கேட்டது? அதே இட்லி, அதே ஊசி, அதே வேலை. ஒருநாள் ஏறிப்போய் நாக்கு வறண்டு குடம் குடமாகத் தண்ணீர் கேட்கிறது. மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடுகிறது. மழை பெய்து கம்பெனி லீவு விட்டால் ஏறும், சீசனில் ஓவர்டைம் பார்த்தால் இறங்கும் என்று நாமாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தோம். போன மாதம் சளி பிடித்துச் சாப்பாடே இறங்கவில்லை, ஆனாலும் சுகர் ஏறி நின்றது. இவ்வளவுக்கும் நடுவில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன், மதினி. உடம்பு ஒரு சுற்று பெருத்திருக்கிறது என்று உங்கள் தம்பிகூடச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, வருகிறேன்.

இந்தக் கடிதத்தை உங்கள் தம்பியும் மகேஸ்வரியும் படிப்பார்கள். ஆளுக்குக் கொஞ்சம்தான் கதை தெரியும். அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

எனக்குச் சுகர் வந்தது பதினாறு வயதில். வயசாளிகளுக்கு வருகிற சுகர் இல்லை இது, உடம்புக்குள் இன்சுலின் சுரப்பதே நின்றுபோய்விட்டது, உயிரோடு இருக்கிற வரைக்கும் ஊசி போட்டே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அதை மறைக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் காபி கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்கள். ஒரு கடிதமும் வந்ததில்லை.

கடைசியாக வந்தது நீங்களும் உங்கள் தம்பியும். கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "இது என்ன கேசரியா, லேபிள் ஒட்டுற பசையா?" என்று நடுவீட்டில் கேட்டீர்கள். உள்ளே இருந்த எனக்குச் சுருக்கென்றது. "முழுசாத் தின்னுட்டு, வாய் ஒட்டிக்கிடுதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இருக்கிறதே! நீங்கள் சத்தமாகச் சிரித்தீர்கள். "வாய் இருக்கு, அது போதும். ஊசியக் கையில போட்டா என்ன, வயித்துல போட்டா என்ன. இந்தப் பிள்ள பிழைச்சுக்கிடும்" என்று சொல்லிவிட்டு, தட்டில் மிச்சமிருந்த பசையையும் தின்று முடித்தீர்கள்.

கல்யாணமான அந்தப் பங்குனியில் மாரியம்மன் கோயில் பொங்கல். காலையில் எப்போதும்போல ஊசி போட்டுக்கொண்டேன். புதுப்பெண், எல்லோருக்கும் முந்திச் சாப்பாடு கேட்கக் கூச்சம். பொங்கல் வைத்ததும் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நம் ஊரில் கோயில் பானை பொங்கின பிறகுதானே மற்ற பானைகள் அடுப்பில் ஏறும்? அன்றைக்குப் பார்த்து விறகு ஈரம். கொட்டுச் சத்தம் கேட்டது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு வேர்த்து ஊற்றி, கண் நிலைகுத்தி, உடம்பு ஆடியிருக்கிறது. "புதுப்பொண்ணுக்கு ஆத்தா வந்துருச்சு" என்று யாரோ ஒருவர் சொல்ல, கூட்டம் கூடிவிட்டது. திருநீறு பூசி, கையில் வேப்பிலையைக் கொடுத்துக் குறி கேட்டிருக்கிறார்கள். போர் போட்டால் தண்ணீர் வருமா, மகளுக்கு இந்த வருஷம் கல்யாணம் கூடுமா என்று வரிசையில் நின்று கேட்டார்களாம். எல்லோருக்கும் நான் நல்லவிதமாகவே பதில் சொன்னேனாம். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

தண்ணீர் எடுக்கப் போயிருந்த நீங்கள் அப்போதுதான் வந்திருக்கிறீர்கள். என்னைப் பார்த்தீர்கள், என்னிடம் என்னவோ சொன்னீர்கள். அடுத்த நிமிஷம் குடத்தைப் போட்டுவிட்டுப் பொங்கலுக்கு வைத்திருந்த மண்டைவெல்லத்தை உடைத்து, தண்ணீரில் கரைத்து என் வாயில் ஊற்றிவிட்டீர்கள். ஆத்தாவுக்குப் படைக்க வேண்டிய வெல்லம்! "படைக்கிறதுக்கு முந்தியே எச்சிப்படுத்திட்டியே பேச்சி!" என்று பெரிய ஆட்கள் கத்தினார்கள். "நீங்கதான ஆத்தா வந்திருக்கான்னு சொன்னீக? அந்த ஆத்தாதான் இப்பக் குடிக்கிறா. படையல் முடிஞ்சது, போய் வேலையப் பாருங்க" என்றீர்கள்.

எனக்கு நினைவு தெளிந்தபோது உங்கள் மடியில் கிடந்தேன். "மதினி, எப்படிக் கண்டுபிடிச்சீக?" என்று கேட்டேன். அதுதான் முதல் தடவை. "உன் மூஞ்சியப் பாத்தா ஆத்தா வந்து குடியிருக்குற மூஞ்சியாவா இருக்கு?" என்றீர்கள். (போர் போட்டவருக்கு நிஜமாகவே தண்ணீர் வந்தது. அவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிறார்.)

முதல் சில வருஷம் எனக்கே தெரிந்தது. இறங்கும்போது வேர்க்கும், விரல் நடுங்கும், பசி பிடுங்கும். சீனியை வாயில் போட்டுக்கொள்வேன். போகப் போக அந்த அறிகுறியெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுவிட்டது. வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டே இருப்பேன், திடீரென்று பார்த்தால் நீங்கள் சீனித்தண்ணீர் டம்ளரோடு என் தாடையைப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள். விருதுநகரில் டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அடிக்கடி இறங்கி இறங்கி உடம்புக்குப் பழகிப்போச்சும்மா. அது இப்ப முன்கூட்டிச் சொல்ல மாட்டேங்குது. ஊசியக் குறைச்சுப் பாப்போம். ஆனா, எப்பவும் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். உங்களுக்கு முந்தி அவங்களுக்குத் தெரியணும்."

நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதேன். இனிமேல் தனியாக ஒரு இடம் போகமுடியாது, அடுப்படியில் நிற்க முடியாது, வேலை போய்விடும், ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று என்னென்னவோ ஓடியது. நீங்கள் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. "இந்த அழுமூஞ்சியோட பஸ்ஸுல ஏறாத, பிள்ளைக பயந்துக்கிடும்" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில் அழுகை நின்றுவிட்டது. "நீங்க ஏறும்போதே பயப்படாத பிள்ளைக, என்னையப் பாத்தா பயப்படப் போகுது?" என்றேன். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டீர்கள்.

அந்த வாரமே நீங்கள் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிற வேலையை விட்டுவிட்டு, நான் லேபிள் ஒட்டுகிற பாக்கிங் அறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். குழாய் சுருட்டுவதில் உங்கள் வேகத்துக்கு அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. எதற்கு அதை விட்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. "என்னைய வேவு பாக்க வந்தீகளா?" என்று கேட்டேன். "ஆமா, நீ வேலை பாக்குற லட்சணத்தக் கண்ணாரப் பாத்துட்டுச் சாகணும்ல" என்றீர்கள். அறைக்குள் திங்கிற பொருள் எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அதனால் போர்மேனிடம் மல்லுக்கட்டி, வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் சீனி டப்பா ஒன்று வைக்க அனுமதி வாங்கினீர்கள்.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் நம் தினசரிச் சண்டை. காலையில் வேனில் ஏறியதும், "பொட்டு கோணலா இருக்கு, கண்ணாடிய அடகு வச்சுட்டியா?" என்பீர்கள். கொஞ்ச நேரம் போனால், "உங்க ஊர்ல வெந்நிக்குத்தான் குழம்புன்னு பேரா?" என்பீர்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முந்தி ஒன்று, டீக்கு முந்தி ஒன்று, வீடு திரும்பும்போது ஒன்று. நானும் விட்டதில்லை. நீங்கள் ஒன்று சொன்னால் நான் ரெண்டு சொல்வேன். பாக்கிங் அறையில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். "இப்படியும் ஒரு நாத்தனாரா!" என்று என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். அம்மாவுக்குச் சேதி போய், தனிக்குடித்தனம் போயிரு என்று ஆள் விட்டாள். "விடும்மா, எனக்கும் பொழுது போகுது" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

நாத்தனார் என்றால் சண்டை போடுவாள், தம்பி பெண்டாட்டி என்றால் திருப்பிப் பேசுவாள். ஊரில் எந்த வீட்டில் இது இல்லை? அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான்.

எப்போதாவது ஒரு தடவை சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடுவீர்கள். திரும்பி வரும்போது கையில் சீனித்தண்ணீர் இருக்கும். என்னைப் பார்த்தால் அப்போது ஒரு வித்தியாசமும் இருக்காதாம், மகேஸ்வரி சொல்வாள். வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னால் சொன்னதுதான், ஒருநாளும் தப்பியதில்லை. எப்படி மதினி என்று கேட்டால், கண்ணில் தெரியுது என்பீர்கள், வாடை வருது என்பீர்கள், என் பாட்டனார் கனவில் வந்து சொன்னார் என்பீர்கள்.

போன தை மாதம் உங்களுக்கு மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தனித்தனியாக என்னவோ பேசினீர்கள். உங்கள் தம்பியிடம் பேசினீர்கள், மகேஸ்வரியிடம்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினீர்கள். என்னிடம் மட்டும் ஒன்றுமில்லை. கடைசி நாள் காலையில் வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்துக்கொண்டு ஓட்டமாக ஓடி வந்தேன். ஒரு வாய் வாங்கினீர்கள். "இந்தக் கஞ்சிய நாய்கூடக் குடிக்காது" என்றீர்கள்.

"அப்ப நாய்க்கு ஊத்திட்டு வாரேன், நீங்க பட்டினி கெடங்க" என்றேன் நான். "நாய்க்கு எதுக்கு? வச்சவளே குடி" என்றீர்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. உங்கள் முன்னாலேயே நின்று, ஒரு சொட்டு விடாமல் தூக்கிக் குடித்துவிட்டு, காலிச் செம்பைக் கவிழ்த்துக் காட்டினேன். நீங்கள் லேசாகச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். சாயங்காலத்துக்குள் போய்விட்டீர்கள்.

இந்த ஒரு வருஷத்தில் பாதி நாள் அதை நினைத்துத்தான் மனசு கசந்தது. இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். போகிற நேரத்தில்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்ல வரவில்லையா என்று இருந்தது. இன்னொரு பக்கம் பயம். பக்கத்தில் இருக்கிற ஆளுக்குத் தெரியணும் என்று டாக்டர் சொன்ன அந்த ஆளே போய்விட்டது. கண்டுபிடிக்கிற வித்தையையும் கூடவே கொண்டுபோய்விட்டது. உங்கள் தம்பி விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் வாங்கிக் கொடுத்தார். நல்ல பொருள்தான், ஊசி எவ்வளவு போடுவது என்பதற்கு இப்போது அதைத்தான் கேட்கிறேன். ஆனால் லேபிள் பசைக் கையோடு நிமிஷத்துக்கு ஒருதரம் குத்திக்கொண்டிருக்க முடியுமா? ஒரு சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி, வேலையை விட்டுவிடலாம் என்றேகூட முடிவு செய்தேன்.

அப்போதுதான் வீட்டில் ஒரு விநோதம் ஆரம்பித்தது. உங்கள் தம்பி, கல்யாணமான நாளிலிருந்து என் சமையலை ஒரு வார்த்தை சொல்லாத மனுஷர், திடீரென்று தட்டைப் பார்த்துக்கொண்டு, "இது... இது என்ன சாம்பாரா?" என்றார். கேட்டுவிட்டுத் திருடன் மாதிரி என் முகத்தைப் பார்த்தார். "ஏன், உங்களுக்குக் கண்ணு தெரியலையா?" என்றேன். அவருக்கு ஏனோ முகம் மலர்ந்துவிட்டது. ரெண்டு கரண்டி கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் ஒருநாள், "நீ பெருத்துப் போன" என்றார். கிடைத்தது அவருக்கு அன்றைக்கு.

கம்பெனியில் மகேஸ்வரி. வாயில்லாப் பூச்சி என்று நாம் பேர் வைத்த பிள்ளை, எழுந்து வந்து உங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி, "அக்கா, நீங்க ஒட்டுற லேபிள் கோணலா இருக்கு" என்றாள். "உன் மூக்கு கோணலா இருக்கு, அத நான் சொன்னனா?" என்றேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். மறுநாளும் அதே மாதிரி ஒன்று. அடுத்த நாளும். மதினி போனதும் ஆளாளுக்கு என்மேல் ஏறி மிதிக்கக் கிளம்பிவிட்டார்களா என்று எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. வேலையை விடுகிற நினைப்பும் அதில் போய்விட்டது. இவர்கள் பேச்சுக்குப் பயந்து ஓடினாள் என்று ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

புரட்டாசியில் தீபாவளிச் சீசன் நெருக்கடி. ஒரு லாரி லோடு அனுப்பியாக வேண்டும் என்று சாப்பாட்டு மணியைத் தள்ளிப் போட்டார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நானும் பெட்டி போட்டுக்கொண்டே இருந்தேன். வெயில் வேறு கொளுத்தியது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ரொம்பச் சுகமாகவே இருந்தது. மகேஸ்வரி, "அக்கா, உங்களுக்கு வரவர வேலையே ஓட மாட்டேங்குது" என்றாளாம். நான் "சரி" என்றேனாம்.

அவள் கை நின்றுவிட்டது. பிறகு, வாழ்நாளில் சொல்லத் துணியாத ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். "பேச்சியக்கா நல்லவங்களே இல்ல அக்கா. கெட்டவங்க." நான் அதற்கும் சிரித்த முகத்தோடு "சரி" என்றேனாம். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை பெட்டிகளைத் தாண்டிக் குதித்து, அலறிக்கொண்டே வேப்பமரத்துக்கு ஓடியிருக்கிறாள். லோடு ஏற்றுகிறவர்களெல்லாம் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று பயந்து வெளியே ஓடினார்களாம்.

சீனித்தண்ணீர் இறங்கி, சாப்பாடும் சாப்பிட்டு எனக்குத் தெளிந்ததும் பார்த்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்து அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். "பேச்சியக்காவச் சொல்லியும் சரின்னுட்டீகளே அக்கா" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ எப்படிப்பிள்ள கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். உங்களிடம் கேட்ட அதே கேள்வி.

அவள் சொல்லிவிட்டாள், மதினி.

"பேச்சியக்கா ஆஸ்பத்திரில வச்சு சத்தியம் வாங்குனாங்க. தங்கத்துக்கிட்ட மணிக்கு ஒருக்க எதையாச்சும் சொல்லி வம்பிழு. எதுத்துப் பேசுனா நல்லா இருக்கான்னு அர்த்தம். சரின்னு சொன்னா சந்தேகப்படு. ரெண்டாவது வம்புக்கும் சரின்னா நிக்காத, ஓடு. அவ நல்ல புத்தியோட இருக்கையில யாரு சொன்னதுக்கும் சரின்னு சொன்னதே கெடயாது, அப்படின்னாங்க."

எனக்குக் கோயில் பொங்கல் ஞாபகம் வந்தது. குறி கேட்டவர்களுக்கெல்லாம் நான் நல்லவிதமாகப் பதில் சொன்னேன் என்றார்களே, அது என்ன பதில்? தண்ணீர் வருமா ஆத்தா? சரி. கல்யாணம் கூடுமா ஆத்தா? சரி. நீங்கள் குடத்தோடு வந்து நின்று, "நீ கட்டியிருக்க சேலை பாக்கச் சகிக்கல" என்று சொன்னீர்களாம், அதையும் மகேஸ்வரியிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கும் நான் சரி என்றேனாம். கல்யாணச் சேலையை ஒருத்தர் அப்படிச் சொல்லி நான் சரி என்பேனா? அங்கேதான் பிடித்துவிட்டீர்கள்.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று மகேஸ்வரியைக் கேட்டேன். "சொன்னா நீங்க வீம்புக்குன்னே எதுத்துப் பேசுவீகளாம். அப்ப எது நெசம்னு தெரியாதாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து உங்கள் தம்பியைப் பிடித்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "அக்கா சொல்லிட்டுப் போச்சு. எனக்குத் திட்டத்தான் வர மாட்டேங்குது. வேன் ஓட்டும்போதெல்லாம் என்ன சொல்லித் திட்டலாம்னு ரோசனை பண்ணிக்கிட்டே வாரேன், வீட்டுக்குள்ள வந்ததும் மறந்து போகுது" என்றார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ரெண்டையும் செய்தேன்.

எத்தனை வருஷம், மதினி! வேனில் ஏறியதும் ஒன்று, சாப்பாட்டுக்கு முந்தி ஒன்று, டீக்கு முந்தி ஒன்று. ஊர் உங்களைக் கொடுமைக்கார நாத்தனார் என்றது. என் அம்மா உங்களைச் சபித்தாள். அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல், நாளைக்கு என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டு படுத்தீர்களா? ஒருநாள்கூட அலுத்துப் போகவில்லையா?

உங்களை எதிர்த்துப் பேசியதற்கெல்லாம் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். கேட்கமாட்டேன். நான் திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு பேச்சும் உங்கள் வயிற்றில் பால் வார்த்திருக்கிறது. அதற்கு நீங்கள்தான் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எனக்கு விஷயம் தெரிந்துவிட்டதே, இனி இந்த வித்தை பலிக்குமா என்று உங்கள் தம்பி கவலைப்பட்டார். டாக்டரிடமே கேட்டோம். முதலில் சிரித்தார். பிறகு, சுகர் ரொம்ப இறங்கினால் நடிப்பதற்கு மூளையில் தெம்பு இருக்காது, மெஷினிலும் பார்த்துக்கொள்ளுங்கள், இதையும் விடாதீர்கள் என்றார். அதனால் வம்பு தொடர்கிறது. மகேஸ்வரி நன்றாகத் தேறிவிட்டாள். நேற்று என் கொண்டையைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. எல்லாம் தெரிந்த பிறகும் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. அதுதான் நல்லது.

அட்டைக்கு ரெண்டு வரி எழுதிவிட்டேன். 'எங்கள் அக்கா பேச்சியம்மாள். நன்றாகச் சண்டை போடுவார்.' உங்கள் தம்பி படித்துவிட்டு, ஊர் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் என்றேன்.

ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் கேட்க இருக்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில், கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கை தூக்க முடியாமல் கிடந்தீர்களே, நான் ஊசி போட்டுவிட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடி வந்திருந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? வச்சவளே குடி என்றீர்கள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று ஒரு வருஷம் பொருமினேன். அதைவிட நல்ல வார்த்தை எது, மதினி?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் புத்தி என்னிடம் இருக்கிற வரைக்கும், யார் என்ன சொன்னாலும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்கும் அதே நியாயம்தான். அந்தக் கஞ்சி நன்றாகத்தான் இருந்தது. உப்பும் அளவு, பதமும் அளவு. முழுச் செம்பையும் குடித்தவள் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் ஒருநாளும் தோற்காத
தம்பி பெண்டாட்டி,
தங்கம்